கேட்ட கேள்வியையே கேட்போம்

(ஸ்ரீவைகுண்டத்தில் நடந்த ஆசிரியர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த உரையை எங்களில் மூன்று பேர் சேர்ந்து எழுதினோம். மூவரும் தொலைக்காட்சிகளுக்கு மாவட்டத்திலிருந்து செய்தி அனுப்பிப் பிழைத்தவர்கள். ஒருவர் கேமரா பிடித்தவர். ஒருவர் மைக் பிடித்தவர். இன்னொருவர் இரண்டையும் பிடித்துப் பார்த்து, மாதச் சம்பளம் வராததால் வேறு வேலைக்குப் போனவர். வாசிப்பது ஒரு வாய் என்றாலும் பேசுவது மூன்று பேரும்தான். அதனால் நாங்கள் என்றே சொல்லிக்கொள்கிறோம்.

யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோமோ அந்த ஆசிரியர், தன் பெயரை எந்தப் பலகையிலும் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனவர். நம் மன்றம் அந்த வார்த்தையைக் காப்பாற்றி, அழைப்பிதழிலும் "ஆசிரியர் நினைவு" என்று மட்டுமே அச்சடித்திருக்கிறது. நாங்களும் மீறப் போவதில்லை. அவர் விட்டுப்போன நோட்டுகளைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

ஆசிரியர் முதலில் வானொலியில், பிறகு தொலைக்காட்சியில் செய்தி கேட்பார். மடியில் நாற்பது பக்க நோட்டு இருக்கும். அதில் மூன்று பத்தி கோடு போட்டிருப்பார். முதல் பத்தியில் தேதியும் ஆளும். இரண்டாவது பத்தியில் அந்த ஆள் மைக் முன்னால் சொன்னது. மூன்றாவது பத்தியின் தலைப்பு "கேட்காமல் விட்டது". மந்திரி ஒன்று சொன்னால், அதற்கு மேல் நிருபர் என்ன கேட்டிருக்க வேண்டும் என்பதை அந்த மூன்றாவது பத்தியில் எழுதி வைப்பார். இப்படிப் பதினொரு நோட்டுகள் இருந்தன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நான்கு நோட்டுகள் ஊறி ஒட்டிப்போயின. மிச்சம் ஏழு. அந்த ஏழையும் நாங்கள் உட்கார்ந்து படித்தோம். எங்கள் தொழிலில் நாங்கள் செய்த தப்பெல்லாம் அந்த மூன்றாவது பத்தியில் இருந்தது.

முதல் நோட்டின் முதல் பக்கம் 1999 ஜூலை. அந்த மாதம் 23ஆம் தேதி என்ன நடந்தது என்று இந்த அரங்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் அப்போது பிறந்திருக்கவில்லை. அவர்களுக்காகச் சொல்கிறோம். மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு வேண்டும், போராடிச் சிறைக்குப் போனவர்களை விடுதலை செய்ய வேண்டும் என்று கேட்டுத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனது. போலீஸ் தடியடி நடத்தியது. ஜனங்கள் தாமிரபரணிக்குள் இறங்கி ஓடினார்கள். 17 பேர் செத்துப்போனார்கள். அவர்களில் ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்டு. அந்த ஆற்றுத் தண்ணீர்தான் நம் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு வந்து சேர்கிறது. நாம் குடிப்பதும் பாய்ச்சுவதும் அதைத்தான்.

கூட்டம் கல்லெறிந்தது, ஓடினவர்கள் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள் என்பது அரசுத் தரப்பு சொன்னது. அதை இரண்டாவது பத்தியில் எழுதிவிட்டு, மூன்றாவது பத்தியில் ஆசிரியர் இரண்டு வரி எழுதியிருக்கிறார். "அந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழம்? கரையேற விடாமல் நின்றது யார்?" அவ்வளவுதான். அதில் கோபம் இல்லை, கோஷம் இல்லை. அளந்து பார்த்துப் பதில் சொல்லக்கூடிய கேள்வி. பிறகு விசாரணை நடத்திய நீதிபதி மோகன் ஆணையம், போலீஸ் செய்ததைப் பெரும்பாலும் நியாயம் என்றே சொன்னது. ஆர்.ஆர்.சீனிவாசன் எடுத்த "நதியின் மரணம்" ஆவணப்படத்தைத் தெருத்தெருவாகத் திரையிட்டுத்தான் நம் ஜனங்கள் அந்த நாளை மறக்காமல் வைத்துக்கொண்டார்கள்.

ஆழம் எவ்வளவு என்று ஒரு நிருபர் கேட்பதில் என்ன பெரிய கஷ்டம் என்று தோன்றலாம். இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். கோட்டைச் சுவருக்கு உள்ளே யார் போகலாம், எந்த வாசலில் யார் நிற்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்த ஊர் இது. நம் தாத்தாமார்கள் வயல் வேலைக்குப் போன இடத்தில் கேள்வி என்பது ஒரு பக்கமாகத்தான் போகும். "எங்கலே போன?", "ஏம்லே லேட்டு?" என்று மேலேயிருந்து வரும். கீழேயிருந்து ஒரு கேள்வி போனால் அதற்குப் பெயர் கேள்வி கிடையாது. "எதுத்துப் பேசுதியாலே?" என்பார்கள். அளந்த நெல்லு எத்தனை மரக்கால் என்று கேட்டதற்கு அடி வாங்கினவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. யார் யாரைக் கேட்கலாம் என்பதைச் சாதி முடிவு செய்து வைத்திருந்தது. யாரும் யாரையும் கேட்கலாம் என்று சொன்னது அரசியல் சட்டம்.

அதனால்தான் நம் முன்னோர்கள் பத்திரிகை நடத்தினார்கள், மன்றங்களில் எழுந்து நின்று கேட்டார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் "பறையன்" இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் "ஒரு பைசாத் தமிழன்" இதழைத் தொடங்கினார். சென்னைச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராக உட்கார்ந்த இரட்டைமலையார், பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் எவரையும் தடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தை 1924இல் நிறைவேற்ற வைத்தார். மைக்கும் கேமராவும் வருவதற்கு முன்பே, ஆட்சியில் இருப்பவரை நேருக்கு நேர் கேட்பது நம் ஆள்களின் வேலையாக இருந்திருக்கிறது.

இனி எங்கள் தப்பைச் சொல்கிறோம்.

எங்களில் மைக் பிடித்தவர் ஒரு சாவு வீட்டுக்குப் போனார். சாதி வெறியில் வெட்டப்பட்ட பையனின் வீடு. ஊர்ப் பெயர் வேண்டாம். நம் ஆற்றங்கரையில் அப்படி வீடுகள் ஒன்றிரண்டு அல்ல. சென்னை டெஸ்க்கிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. "அம்மா அழுகிற பைட் இருக்கா? மத்தவன் போட்டுட்டான்" என்று அவசரப்படுத்தினார்கள். அவர் அந்தத் தாயின் முன்னால் மைக்கை நீட்டி, "அம்மா, இப்ப உங்க மனநிலை எப்படி இருக்கு?" என்று கேட்டார். அந்த அம்மா கொஞ்ச நேரம் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என்னயக் கேக்கியே தம்பி, அவுகளக் கேட்டியா?" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் அதே ஊருக்கு ஒரு பெரிய அதிகாரி வந்தார். அவர் முன்னாலும் அதே மைக்கை நீட்டினோம். "சார், என்ன நடவடிக்கை எடுத்திருக்கீங்க?" என்று கேட்டோம். "விசாரணை நடக்கிறது, குற்றவாளிகள் எவராக இருந்தாலும் தப்ப முடியாது" என்றார். "நன்றி சார்" என்றோம். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் நெஞ்சைக் கிழிக்கும் கேள்வி. பொறுப்பில் இருந்தவரிடம் வழி விட்டு ஒதுங்கும் கேள்வி. கேள்விகளை இடம் மாற்றிக் கேட்டுவிட்டோம். அந்தப் பையன் ஏற்கெனவே கொடுத்திருந்த மிரட்டல் புகார் என்ன ஆனது என்று கேட்கவில்லை. அந்தப் புகாரின் நகல் எங்கள் சட்டைப் பையிலேயே இருந்தது.

அதை நினைத்து எங்களில் ஒருவருக்கு இன்றைக்கும் தூக்கம் கெடுகிறது. அதனால்தான் இந்த நோட்டைப் படித்தோம்.

2018ஆம் ஆண்டுப் பக்கத்துக்கு வருகிறோம். மே 22, ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான தூத்துக்குடிப் போராட்டத்தின் நூறாவது நாள். ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போன ஜனங்கள் மேல் துப்பாக்கிச் சூடு. அன்றும் மறுநாளுமாக நடந்த சூட்டில் 13 பேர் உயிர் போனது. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். எங்களிடம் காட்சி இருந்தும் அனுப்ப வழியில்லாமல், மெமரி கார்டைக் கையில் வைத்துக்கொண்டு மாவட்ட எல்லை தாண்டி ஓடினோம்.

அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி செய்தியாளர்களிடம் பேசும்போது, மற்றவர்களைப் போலத் தானும் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் துப்பாக்கிச் சூட்டைத் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். காவல்துறை அவர் கையில் இருந்த துறை. ஆசிரியர் இதை இரண்டாவது பத்தியில் எழுதிவிட்டு மூன்றாவது பத்தியில் நான்கு வரி எழுதியிருக்கிறார். "எத்தனை மணிக்கு டி.வி. பார்த்தார்? அதற்கு முன்னால் உளவுத்துறை யாரிடம் சொன்னது? தலைமைச் செயலாளர் போன் பண்ணினாரா? பண்ணவில்லை என்றால், பண்ணாதவர் மேல் என்ன நடவடிக்கை?"

முதலமைச்சரின் அந்தப் பதில் கேலியானது, மீம் ஆனது, ராத்திரி விவாதம் ஆனது. விவாதத்தில் நான்கு கட்சிக்காரர்கள் உட்கார்ந்து சத்தம் போட்டார்கள். பதில் சொல்ல வேண்டியவர் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. கேலி செய்தால் நமக்கு மனசு ஆறிவிடுகிறது. ஆறின மனசு அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை.

அந்த நான்கு வரிக் கேள்விக்குப் பதில் வர நான்கு வருஷம் ஆனது. ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அக்டோபரில் அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அன்றைய தலைமைச் செயலாளர், காவல்துறைத் தலைவர், உளவுப்பிரிவு ஐ.ஜி. ஆகியோரின் சாட்சியங்களைப் பார்த்து, தூத்துக்குடி நிலவரம் உடனுக்குடன் முதலமைச்சருக்குச் சொல்லப்பட்டது என்ற முடிவுக்கு ஆணையம் வந்தது. தொலைக்காட்சி பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று அவர் சொன்னது தவறான தகவல் என்று எழுதியது.

ஒரு மைக் முன்னால் சாதாரணமாகச் சொன்ன ஒரு வாக்கியம், நான்கு வருஷம் கழித்து ஓர் ஆணையத்தின் அறிக்கையில் உரசிப் பார்க்கப்பட்டது. பேட்டியின் பலம் அதுதான். பதில் பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, அது பதிவாக வேண்டும். பதிவானதை ஒருநாள் ஆவணத்தோடு வைத்துப் பார்க்கலாம். ஆனால் "எத்தனை மணிக்கு" என்று அன்றைக்கே ஒருவர் கேட்டு, அதற்கும் ஒரு பதில் பதிவாகியிருந்தால், செத்தவர்களின் வீட்டார் நான்கு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது என்று நினைக்கிறோம்.

அதே மே மாதம் 30ஆம் தேதி. நடிகர் ரஜினிகாந்த் தூத்துக்குடி மருத்துவமனைக்கு வந்தார். கட்டிலில் இருந்த ஒரு பையன், "யார் நீங்க?" என்று கேட்டான். "நான்தான்ப்பா ரஜினிகாந்த்" என்று அவர் சொன்னார். நாடே பார்த்த காட்சி. அந்தப் பையனுக்கு அவரைத் தெரியாமல் இல்லை. நூறு நாள் நாங்கள் தெருவில் கிடந்தபோது வராத நீங்கள் யார் என்பதுதான் கேள்வி. இரண்டே சொல். அதில் ஆளை மட்டும் கேட்கவில்லை. இங்கே வந்து நிற்க உனக்கு என்ன பொறுப்பு என்று கேட்டான். அடிபட்டுக் கிடந்தவன் கேட்ட அந்தக் கேள்வியை மைக் பிடித்த நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கே சென்னை விமான நிலையத்தில் ரஜினிகாந்த், போராட்டத்தில் சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்றார். அது எப்படித் தெரியும் என்று நிருபர்கள் கேட்டபோது அவர் குரல் உயர்ந்தது. மறுநாள் அதற்கு வருத்தம் தெரிவித்தார். பிறகு ஆணையம் அவரிடமும் விளக்கம் கேட்டது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அன்று விமான நிலையத்தில் நிருபர்கள் சரியான கேள்வியைத்தான் கேட்டார்கள். "எப்படித் தெரியும்?" என்பதைவிட நல்ல கேள்வி கிடையாது. ஆனால் அடுத்த நாள் செய்தி எது ஆனது? அவர் கோபப்பட்டது செய்தியானது. ஆதாரம் என்ன என்பது பின்னால் போய்விட்டது.

ஏன் இப்படி ஆகிறது? எங்கள் தொழிலின் உள்வேலையைக் கொஞ்சம் சொல்லுகிறோம்.

மந்திரி சுற்றுலா மாளிகை வாசலில் கார் ஏறுவதற்கு முன் மூன்று நிமிஷம் நிற்பார். பன்னிரண்டு மைக் நீளும். ஒவ்வொரு நிருபருக்கும் அவரவர் டெஸ்க் கொடுத்த ஒரு கேள்வி இருக்கும். முதல் ஆள் வெள்ள நிவாரணம் பற்றிக் கேட்பார். மந்திரி பாதி பதில் சொல்லி நிறுத்துவார். அந்த இடைவெளியில் இரண்டாவது ஆள் கூட்டணி பற்றிக் கேட்பார். மந்திரி முகம் மலர்ந்து அந்தப் பக்கம் திரும்புவார். முதல் கேள்வி அங்கேயே செத்துப்போகும். மந்திரிகளை நாங்கள் தப்பவிடுவதில்லை. நாங்கள் ஒருவருக்கொருவர் போட்டி போடுகிற சந்தில் அவர்களாகவே நடந்து போய்விடுகிறார்கள்.

அதையும் மீறி ஒருவர் திரும்பக் கேட்டால், மறுநாள் அவருக்கு வாட்ஸ்அப் குழுவில் அழைப்பு வராது. பல சேனல்கள் கட்சிக்காரர்களின் சொத்து. மற்றவை அரசு விளம்பரத்தை எதிர்பார்க்கின்றன. மாவட்ட நிருபருக்கு அனுப்பிய செய்திக்கு இவ்வளவு என்றுதான் காசு. அவர் யார் பலத்தில் எதிர்த்துக் கேட்பார்?

கேள்வியை முடிவு செய்கிற டெஸ்க்கில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் இருக்கிறது. 1996இல் பி.என்.உனியால் என்ற மூத்த பத்திரிகையாளர், தன் முப்பது வருஷத் தொழிலில் ஒரு தலித் பத்திரிகையாளரைக்கூடச் சந்தித்ததில்லை என்பதை உணர்ந்து எழுதினார். 2006இல் டெல்லியில் 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். தலித்தோ ஆதிவாசியோ ஒருவர்கூட இல்லை. 2019இல் நியூஸ்லாண்ட்ரியும் ஆக்ஸ்பாமும் எடுத்த கணக்கிலும், பார்த்த 121 தலைமைப் பதவிகளில் 106 உயர்சாதியினர் கையில் இருந்தன; பட்டியல் சாதியினர், பழங்குடியினர் கையில் ஒன்றும் இல்லை. அழுகிற பைட் கேட்டு எங்களுக்கு ஏன் போன் வருகிறது, புகார் நகல் கேட்டு ஏன் வருவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளியே எப்படிக் கேட்டிருக்கிறார்கள் என்று பார்ப்போம். 1997 மே மாதம் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஜெர்மி பாக்ஸ்மன், உள்துறை அமைச்சராக இருந்த மைக்கேல் ஹோவர்டைப் பேட்டி எடுத்தார். சிறைத்துறைத் தலைவரின் அதிகாரத்தை மீறி உத்தரவு போடுவேன் என்று மிரட்டினீர்களா என்பது கேள்வி. ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் முடியக்கூடியது. ஹோவர்ட் சுற்றிச் சுற்றி வந்தார். பாக்ஸ்மன் அதே கேள்வியை ஏறக்குறைய பன்னிரண்டு தடவை கேட்டார். கடைசி வரை நேர்ப் பதில் வரவில்லை. ஆனால் வரவில்லை என்பதை நாடே பார்த்தது. அதுவும் ஒரு பதில்தான். அடுத்துப் போட வேண்டிய காட்சி தயாராகவில்லை, அதனால் நேரத்தை ஓட்டினேன் என்று பாக்ஸ்மனே பின்னால் சொன்னார். அதிலிருந்து நமக்கு ஒரு பாடம் உண்டு. ஒரு கேள்விக்கு நேரம் கொடுத்தால் போதும், அது தானே வேலை செய்யும்.

நம் பக்கத்தில் 2004இல் முதலமைச்சர் ஜெயலலிதாவை கரண் தாப்பர் பி.பி.சி.க்காக எடுத்த பேட்டி பலருக்கு ஞாபகம் இருக்கும். உங்களோடு பேசியதில் மகிழ்ச்சியில்லை என்று சொல்லித்தான் அவர் அதை முடித்தார். அந்தக் கடைசி நொடி எல்லாருக்கும் தெரியும். நடுவில் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்று இங்கே யாராவது சொல்லுங்கள் பார்ப்போம். சண்டை ஞாபகத்தில் நிற்கிறது, பதில் நிற்பதில்லை. குரலை உயர்த்துவதும் புருவத்தை நெரிப்பதும் பொறுப்பு கேட்பது ஆகாது. ஆசிரியரின் மூன்றாவது பத்தியில் ஓர் ஆச்சரியக்குறிகூட இல்லை.

நாம் அதிகம் கற்றுக்கொள்ள வேண்டியது பாபாசாகேப் அம்பேத்கரிடம். 1955இல் பி.பி.சி. வானொலி அவரைப் பேட்டி எடுத்தது. கேள்விக்குப் பதில் சொல்ல உட்கார்ந்த இடத்திலேயே, கேள்வி கேட்பது எப்படி என்று அவர் காட்டினார். காந்தி ஆங்கிலப் பத்திரிகையில் எழுதும்போது சாதிக்கும் தீண்டாமைக்கும் எதிரானவராகத் தெரிகிறார், குஜராத்திப் பத்திரிகையில் எழுதும்போது பழைமையைக் காப்பவராகத் தெரிகிறார், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவரும் படிக்கவில்லை என்பது அவர் சொன்ன குற்றச்சாட்டின் சாரம். காந்தியைப் பற்றிய அந்த முடிவை ஏற்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. நாங்கள் பார்ப்பது வழிமுறையை. ஒரு தலைவர் இங்கே ஒன்றும் அங்கே ஒன்றும் சொன்னால், இரண்டையும் ஒரே மேசையில் வைத்து அவர் முன்னால் நீட்ட வேண்டும். இன்றைக்கு மந்திரி டெல்லியில் இங்கிலீஷில் ஒன்று சொல்கிறார், ஏரலில் தமிழில் ஒன்று சொல்கிறார், சாதிச் சங்க மாநாட்டில் வேறொன்று சொல்கிறார். மூன்றும் போனிலேயே கிடைக்கிறது. சேர்த்து வைத்துக் கேட்க ஆள்தான் இல்லை.

சரி, நம் தாலுகாவில் நாளைக்கே கேட்கக்கூடிய கேள்விகளைச் சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறோம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 16ஆவது விதி, முதலமைச்சர் தலைமையில் மாநில அளவிலான கண்காணிப்புக் குழு வருஷத்துக்கு இரண்டு தடவையாவது, ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும் என்கிறது. 17ஆவது விதி, ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும் என்கிறது. அப்படியானால் ஒரு கொலை நடந்த ஊரில் ஆட்சியர் வந்து நிற்கும்போது, "என்ன நடவடிக்கை?" என்று கேட்பது வீண். "மாவட்டக் கண்காணிப்புக் குழு கடைசியாகக் கூடிய தேதி என்ன?" என்று கேட்க வேண்டும். அதற்குத் "தக்க நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பதில் சொல்ல முடியாது. தேதி சொல்லலாம், அல்லது கூடவில்லை என்று சொல்லலாம், அல்லது தெரியவில்லை என்று சொல்லலாம். மூன்றில் எது வந்தாலும் அது செய்தி. பிறகு, "இந்தப் பையனின் புகார் அந்தக் கூட்டத்தில் வைக்கப்பட்டதா?" என்பது இரண்டாவது கேள்வி. பதினெட்டு சொல் வேண்டாம், ஆறு சொல் போதும். ஒரு தடவைக்கு ஒரு கேள்வி. கேட்டபின் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் நாங்களே பலமுறை பதிலையும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. நம் ஊர் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் எண்ணூறு பயணிகளோடு நின்றுபோனது. புதுக்குடி ஜனங்கள் தங்களிடம் இருந்த அரிசியைப் பொங்கிப் போட்டு அவர்களைக் காப்பாற்றினார்கள். நாடு முழுக்க அந்த ரயிலைப் பார்த்தது, பார்க்க வேண்டியதுதான். ஆற்றை ஒட்டிய நம் தெருக்களுக்குக் கேமரா வர மேலும் சில நாள் ஆனது. வந்தவர்களில் நாங்களும் உண்டு. அப்போது டெல்லியும் சென்னையும், எச்சரிக்கை கொடுத்தோம், சரியாகக் கொடுக்கவில்லை என்று மைக் முன்னால் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தன. இரண்டு பேரிடமும் அதையே கேட்டு, அதையே ஒளிபரப்பினோம். ஆசிரியரின் கடைசி நோட்டில், கடைசிப் பக்கத்தில், மூன்றாவது பத்தியில் இருக்கிறது: "அணையில் எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் திறந்தார்கள்? கீழே இருக்கிற தெருக்களுக்கு யார் வந்து சொன்னார்கள்? தண்டோரா போட்டார்களா? எந்தத் தெருவரை?" நான்காவது கேள்வியைப் படிக்கும்போது எங்களுக்குத் தொண்டை அடைத்தது. தண்டோரா எந்தத் தெருவோடு நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தலித் தலைவர்களைப் பேட்டி எடுக்கும்போது, நீங்கள் உங்கள் சாதிக்கு மட்டும்தானே தலைவர் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை மற்ற சாதித் தலைவர்களிடம் கேட்பதில்லை. அது நமக்கு எரிச்சல் தரும், நியாயமான எரிச்சல். ஆனால் அந்த எரிச்சலில் நாமே நம் ஆள்களிடம் கேள்வி கேட்பதை விட்டுவிட்டோம். தனித் தொகுதியில் ஜெயித்த எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் நம்மைப் பற்றி எத்தனை கேள்வி கேட்டார்? ஆதிதிராவிடர் நலப் பள்ளியின் கூரையைப் பற்றிக் கேட்டாரா? நம் வீட்டுப் பிள்ளை, நம் அண்ணன் என்று சால்வை போட்டு அனுப்பிவிடுகிறோம். ஆசிரியரின் நோட்டில் நம் தலைவர்களுக்கும் மூன்றாவது பத்தி உண்டு. அது மற்றவர்களுடையதைவிடச் சின்னதாக இல்லை.

முடிக்கப் போகிறோம். நாங்கள் சொல்ல வந்தது ஒன்றுதான்.

லண்டனில் ஒரே ஆள் ஒரு கேள்வியைப் பன்னிரண்டு தடவை கேட்டார். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய நிறுவனம் இருந்தது. நம் மாவட்ட நிருபருக்கு அது இல்லை. அவர் இரண்டாவது தடவை கேட்டாலே வேலை போகலாம். ஆனால் சுற்றுலா மாளிகை வாசலில் நம்மிடம் பன்னிரண்டு மைக் இருக்கிறது. முதல் ஆள் கேட்டு, பதில் வராமல் போன கேள்வியை இரண்டாவது ஆள் கேட்கட்டும். "சார், அவர் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை" என்று சொன்னால் போதும். மூன்றாவது ஆளும் அதையே கேட்கட்டும். யாரை வேலையை விட்டு நிறுத்துவார்கள்? பன்னிரண்டு பேரையுமா? தனியாக ஒருவன் கேட்டால் "எதுத்துப் பேசுதியா" என்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் அதற்குப் பெயர் கேள்வி. கூலி கேட்கப் போனபோது நம் தாத்தாமார்கள் கண்டுபிடித்த உபாயம்தான் இது. புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

இந்த அரங்கில் இளம் நிருபர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். யூடியூப் நடத்துகிற தம்பி தங்கைகளும் இருக்கிறீர்கள். உங்களிடம் கேட்டுக்கொள்கிறோம். அடுத்தவன் கேள்வியை எடுத்துக் கேட்பதைக் கேவலமாக நினைக்காதீர்கள். தாயிடம் மைக்கை நீட்டும் முன் அதிகாரியிடம் நீட்டுங்கள். பையில் புகார் நகல் இருந்தால் அதை வெளியே எடுங்கள்.

மன்றத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆசிரியரின் ஏழு நோட்டுகளையும் நகல் எடுத்துப் படிப்பகத்தில் வைத்திருக்கிறோம். கூடவே, மூன்று பத்தி கோடு போட்ட புது நோட்டு ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறோம். மந்திரியோ ஆட்சியரோ எம்.பி.யோ நம் பக்கம் வந்து மைக் முன்னால் பேசினால், அன்றைக்கே ஒருவர் எழுதிவிட வேண்டும். அடுத்த தடவை அவர் வருவதற்கு முதல் நாள், மூன்றாவது பத்தியைப் படம் பிடித்து மாவட்டத்தில் உள்ள எல்லா நிருபர்களுக்கும் அனுப்புவோம். எந்தச் சேனல், எந்தக் கட்சி என்று பார்க்க வேண்டாம். கேட்பவர்கள் கேட்கட்டும்.

புது நோட்டில் முதல் பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. மேசைமேல் பேனாவும் வைத்திருக்கிறோம். போகும்போது கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.